தொழில், வணிக வரலாற்றுக் கருத்தரங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனங்கள், ஆலைகள், வங்கிகள், வணிகக் குடும்பங்கள் ஆகியவற்றின் வரலாற்றை ஆராய்பவர்கள் கூடிப் பேசும் கருத்தரங்குகளுக்கு முதல் முறை போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. மாணவர்கள் கேட்டவையும் உண்டு, கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கேட்டவையும் உண்டு.

அங்கே அப்படி என்னதான் பேசுகிறார்கள்?

ஒரு நிறுவனம் ஏன் அந்த முடிவை எடுத்தது, யார் பணம் போட்டார்கள், யார் உழைத்தார்கள், லாபம் எங்கே போனது, அரசும் சட்டமும் எங்கே குறுக்கிட்டன என்பவைதான் பேச்சு. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி, விலைவாசி, கூலி என்று பெரிய எண்களைப் பார்ப்பது பொருளாதார வரலாறு. இங்கே பார்வை கீழே இறங்கி ஒரு கணக்கரின் மேசை வரைக்கும் வரும்.

ஒரு எடுத்துக்காட்டு. 1914 ஜனவரியில் ஃபோர்டு மோட்டார் கம்பெனி தொழிலாளியின் நாள் வருமானத்தை 5 டாலராக உயர்த்தியது. முன்பு இருந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. முதலாளியின் தாராள மனசு என்று ஒரு கதை இருக்கிறது. தன் தொழிலாளியே தன் காரை வாங்கட்டும் என்ற தொலைநோக்கு என்று இன்னொரு கதை. கருத்தரங்கில் இந்தக் கதைகளை யாரும் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். ஒருவர் ஆள் எடுத்த கணக்கை எடுப்பார்: நகரும் தொகுப்பு வரிசை (அசெம்பிளி லைன்) வந்த 1913-இல், சுமார் 14,000 வேலையிடங்களை நிரப்பி வைக்க 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் நிற்கவே இல்லை. இன்னொருவர், அந்த 5 டாலரில் பாதிக்கு மேல் 'லாபப் பங்கு' என்ற பெயரில்தானே கொடுக்கப்பட்டது, தகுதி பார்க்க வீடு வீடாக ஆள் அனுப்பினார்களே, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று விசாரித்தார்களே, அந்தக் குறிப்புகள் என்ன சொல்கின்றன என்று கேட்பார். தொடக்கத்தில் பெண்கள் ஏன் அந்தத் திட்டத்தில் இல்லை என்று மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். ஒரு சம்பள உயர்வை வைத்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

நிறுவன வரலாறு, தொழில்துறை வரலாறு, தொழில்துறைத் தொல்லியல் எல்லாம் ஒன்றா?

நெருங்கிய உறவு, அவ்வளவுதான். முதலாவது நிறுவனத்தைப் பார்க்கும். இரண்டாவது இரும்பு, துணி, ரசாயனம் என்று ஒரு துறை முழுவதையும் பார்க்கும். மூன்றாவது உலை, இயந்திரம், கால்வாய், ஆலைக் கட்டடம் என்று மிச்சம் நிற்கும் பொருள்களைப் படிக்கும். இங்கிலாந்தில் 1779-இல் எழுந்த அயர்ன்பிரிட்ஜ் வார்ப்பிரும்புப் பாலம் மூன்றாவது கூட்டத்தாரின் அடையாளச் சின்னம் போல ஆகிவிட்டது. கருத்தரங்கு அறிவிப்பில் மூன்றும் கலந்தே வரும். தலைப்பைப் பார்த்து முடிவெடுக்காமல் கட்டுரைச் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

இந்தத் துறை எவ்வளவு பழையது?

வணிக ஆவணங்களைத் திரட்டிப் படிப்பது பழைய வேலைதான். தனித் துறையாக அது நின்றது அமெரிக்காவில், 1920-களில். 1925-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியை ஒட்டி ஒரு வணிக வரலாற்றுச் சங்கம் உருவானது. 1927-இல் அங்கே இதற்கென ஒரு பேராசிரியர் பதவி வந்தது. அதில் முதலில் அமர்ந்தவர் என்.எஸ்.பி. கிராஸ். அந்தச் சங்கத்தின் செய்தி மடல்தான் 1954-இல் பெயர் மாறி, இன்றும் துறையின் முன்னணி ஆய்விதழ்களில் ஒன்றாக வந்துகொண்டிருக்கிறது.

பிறகு வந்தவர் ஆல்ஃப்ரட் சாண்ட்லர். டூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ், நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில், சியர்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் தங்கள் நிர்வாக அமைப்பை எப்படி மாற்றிக்கொண்டன என்று 1962-இல் ஒரு நூல் எழுதினார். சந்தையின் கண்ணுக்குத் தெரியாத கை செய்துவந்த ஒருங்கிணைப்பைப் பெரிய நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை செய்யும் மேலாளர்கள் கைப்பற்றினார்கள் என்பது அவருடைய 1977 நூலின் வாதம். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அப்புறம் மறுப்புகள் வந்தன. சிறு பட்டறைகள் எங்கே, குடும்ப நிறுவனங்கள் எங்கே, தொழிலாளி எங்கே, பெண் எங்கே, தோற்றவர் எங்கே என்று கேட்டார்கள். நகை, அறைகலன், இயந்திரக் கருவி போன்ற துறைகளில் ஆர்டருக்கு ஏற்பச் சிறு அளவில் செய்துகொடுத்தவர்களும் தொழில்மயமாக்கலில் பெரும் பங்கு வகித்தார்கள் என்று பிலிப் ஸ்க்ரான்டன் காட்டினார். என்னைக் கேட்டால், சாண்ட்லரை ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம், படிக்காமல் போகக்கூடாது. கருத்தரங்கில் பாதிப் பேர் அவரோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், பெயரைச் சொல்லாமலே.

ஒரு அமர்வு எப்படி நடக்கும்?

இரண்டு வகை உண்டு. மாநாட்டு அமர்வில் மூன்று நான்கு பேர் ஆளுக்கு 15 அல்லது 20 நிமிடம் வாசிப்பார்கள். கருத்துரையாளர் ஒருவர் எல்லாக் கட்டுரைகளையும் சேர்த்துப் பேசுவார், மிச்ச நேரம் கேள்விகளுக்கு. நேரம் எப்போதும் இழுக்கும், கடைசியாகப் பேசுபவர்தான் பாவம்.

இரண்டாவது வகை, ஒரே கட்டுரையை எடுத்துக்கொண்டு நடப்பது. கட்டுரையை ஒரு வாரம் பத்து நாள் முன்பே மெயிலில் அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள் என்பது ஏற்பாடு. ஆசிரியர் பத்து நிமிடம் முன்னுரை சொல்வார், பிறகு முழுக்க விவாதம். அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் டூபாண்ட் குடும்பம் 1802-இல் தொடங்கிய வெடிமருந்து ஆலை இருந்த இடத்திலேயே ஹேக்லி அருங்காட்சியகமும் நூலகமும் இயங்குகின்றன. அங்கே நடக்கும் ஆய்வுக் கூட்டங்கள் இந்த வகை. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். அரைகுறையாக இருக்கும் ஒரு வாதம் கண் முன்னே உடைவதையும் சரியாவதையும் இங்கேதான் பார்க்க முடியும். அச்சில் வந்த கட்டுரையில் அந்தத் தடம் எதுவும் மிஞ்சாது.

முன்கூட்டி வரும் கட்டுரை 40 பக்கம் இருக்கிறது. முழுவதும் படிக்க வேண்டுமா?

படித்தால் நல்லது. நேரமில்லை என்றால் முன்னுரை, முடிவுரை, அட்டவணைகள், அடிக்குறிப்புகள் என்ற வரிசையில் பாருங்கள். அடிக்குறிப்பை ஏன் சொல்கிறேன் என்றால், கட்டுரை எந்தக் காப்பகத்தில் நிற்கிறது என்பது அங்கேதான் தெரியும். நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளையும் செய்தித்தாள்களையும் மட்டும் வைத்து எழுதிய கட்டுரை ஒரு மாதிரி இருக்கும். கடிதக் கோப்பைப் பார்த்து எழுதியது வேறு மாதிரி. ஆண்டறிக்கை பங்குதாரர்களுக்காக எழுதப்பட்டது. கிளை மேலாளர் தலைமையகத்துக்கு அனுப்பிய கடிதத்தில், சரக்கு தேங்கிக் கிடக்கிறது, என்ன செய்ய என்று இருக்கும்.

எந்த மாதிரி ஆதாரங்களை வைத்து வாதிடுகிறார்கள்?

பேரேடு, அன்றாடக் கணக்கேடு, கடிதப் பிரதி, இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பு, சம்பளப் பட்டியல், வழக்குக் கட்டு, காப்புரிமை, விளம்பரம், வரைபடம், நேர்காணல் என்று எல்லாமே வரும். சிலவற்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

இத்தாலியின் பிராட்டோ நகரில் ஃபிரான்செஸ்கோ டாட்டினி என்ற வணிகர் 1410-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சுமார் 1,50,000 கடிதங்களும் நூற்றுக்கணக்கான கணக்குப் புத்தகங்களும் 1870 வாக்கில் அவர் வீட்டிலேயே வெளிச்சத்துக்கு வந்தன. கணக்குப் புத்தகத்தின் தலைப்பில் கடவுளின் பெயராலும் லாபத்தின் பெயராலும் என்று எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. கிளைகளுக்கு நடுவே கம்பளி, ஆயுதம், உப்பு, பணம் எல்லாம் எப்படி நகர்ந்தன என்பதை நாள்வாரியாகத் தொடர முடிகிற அளவுக்கு அந்தக் காகிதங்கள் மிஞ்சியிருக்கின்றன.

1841-இல் நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் ஒரு கடன் தகவல் நிறுவனம் தொடங்கினார். ஊர் ஊராக இருந்த செய்தியாளர்கள், பெரும்பாலும் உள்ளூர் வக்கீல்கள், அங்கிருக்கும் கடைக்காரர்களைப் பற்றிக் குறிப்பு அனுப்புவார்கள். ஆள் நாணயமானவரா, குடிப்பழக்கம் உண்டா, முதல் எவ்வளவு, யாருடைய மருமகன் என்பது வரைக்கும் இரண்டு மூன்று வரியில் சுருக்கெழுத்துப் பாணியில் இருக்கும். பிற்காலத்தில் ஆர்.ஜி. டன் என்ற பெயர் பெற்ற அந்த நிறுவனத்தின் கையெழுத்துப் பேரேடுகள், 2,500 தொகுதிகளுக்கு மேல், ஹார்வர்டின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன. ஒரு சின்ன ஊரில் விதவை ஒருத்தி நடத்திய தொப்பிக் கடை பற்றிக்கூட இதில் தகவல் கிடைக்கலாம், வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் எழுதியவரின் தப்பெண்ணமும் கூடவே வரும். ஒருவர் யூதர் என்பதையே கடன் குறைபாடு போலப் பதிந்த குறிப்புகள் இருக்கின்றன. ஆகவே இந்தப் பேரேட்டைக் காட்டிப் பேசுபவரிடம் முதலில் விழும் கேள்வி, இந்தக் குறிப்பை எழுதியது யார், அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்பதுதான். கூலியாகப் பணம் வாங்காத செய்தியாளர்கள் பலருக்கு அந்த ஊரின் கடன் வசூல் வழக்குகள் வந்து சேர்ந்தன.

நம் காலத்துக்கு வந்தால் காகிதம் போய் மின்னஞ்சல் வந்துவிட்டது. 2001-இல் திவாலான என்ரான் நிறுவனத்தின் ஊழியர்கள் அனுப்பிய சுமார் 5 லட்சம் மின்னஞ்சல்கள், அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணையில் பொதுவெளிக்கு வந்தன. 1990-களின் வழக்குகளும் 1998 உடன்படிக்கையும் சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்களைத் திறந்துவிட்டன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி இருக்கின்றன. காப்பகத்தின் கதவைத் திறப்பதில் வழக்கறிஞர்கள் வரலாற்றாசிரியர்களைவிடப் பல நேரம் கெட்டிக்காரர்கள்.

எனக்குக் கணக்குப் பதிவியல் தெரியாது. புரியுமா?

பற்று, வரவு, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்), தேய்மானம் என்ற நான்கு விஷயம் தெரிந்தால் தாக்குப்பிடிக்கலாம். மற்றதைக் கேட்டுக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சொல்லப்போனால், வரலாறு படித்தவர்களில் பலர் ஐந்தொகையைக் கண்டால் ஒதுங்குபவர்கள்தான். பட்டயக் கணக்காளர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் விவாதம் மேலேறிவிடும்.

கணக்கு எவ்வளவு பேசும் என்பதற்கு ஜோசையா வெட்ஜ்வுட் நல்ல சாட்சி. 1772-இல் ஆங்கிலேயப் பீங்கான் உற்பத்தியாளரான அவருக்குக் கையில் காசு தட்டுப்பாடு, சரக்கோ விற்காமல் குவிந்து கிடந்தது. அப்போதுதான் உட்கார்ந்து ஒவ்வொரு ஜாடிக்கும் அடக்கவிலை கணக்கிட்டார். சில செலவுகள் அதிகம் செய்தாலும் குறைவாகச் செய்தாலும் மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன, அதனால் எண்ணிக்கை கூடினால் ஒன்றின் அடக்கம் குறையும் என்பது அவருக்கு அதில் பிடிபட்டது. நிலையான செலவு என்று நாம் இன்று பாடப்புத்தகத்தில் படிப்பதை அவர் கடன் நெருக்கடியில் கண்டுகொண்டார். அதே தோண்டலில் தலைமை எழுத்தரின் மோசடியும் வெளியே வந்தது.

நிறுவனமே பணம் கொடுத்து எழுதவைக்கும் வரலாற்றை நம்பலாமா?

கருத்தரங்குகளில் சூடு பறக்கும் இடம் இது. நூற்றாண்டு விழா மலர் என்றாலே மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். மலரில் வரும் புகைப்படம், ஆண்டு, ஆலை வரைபடம் எல்லாம் பயன்படும். அது எதைப் பேசாமல் விடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்: வேலைநிறுத்தம், விபத்து, போர்க்கால ஒப்பந்தம், மூடிய ஆலை.

ஜெர்மன் பதிப்பு நிறுவனமான பெர்டல்ஸ்மனை எடுத்துக்கொள்ளுங்கள். நாஜிகளுக்குப் பணியாத சமயப் பதிப்பகம், அதனால்தான் 1944-இல் மூடப்பட்டது என்பது அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதை. 1998-இல் அதன்மேல் கேள்வி எழுந்தது. நிறுவனமே வரலாற்றாசிரியர் சால் ஃப்ரீட்லெண்டர் தலைமையில் ஒரு சுதந்திரமான குழுவை அமைத்தது. 2002-இல் வந்த அறிக்கை அந்தக் கதையைத் தரைமட்டம் ஆக்கியது. ஜெர்மன் ராணுவத்துக்கு மிக அதிகமாகப் புத்தகம் அச்சிட்டுக் கொடுத்த பதிப்பகமே அதுதான், ஏறத்தாழ 1.9 கோடிப் பிரதிகள். நிறுவனம் அறிக்கையை ஏற்றுக்கொண்டது.

ஆகவே காசு யாருடையது என்பதோடு சேர்த்து வேறு சிலவும் கேட்க வேண்டும். ஆய்வாளருக்கு எல்லாக் கோப்புகளும் திறந்துவிடப்பட்டனவா? அச்சுக்கு முன் நிறுவனம் வெட்டலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? அவர் பார்த்த ஆவணங்களை அவருக்குப் பிறகு வேறொருவரும் பார்க்க முடியுமா? மூன்றாவதற்கு 'முடியாது' என்று பதில் வந்தால், அந்த நூலின் அடிக்குறிப்புகளைச் சரிபார்க்க வழியே இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. நிதியளித்தது யார் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடும் ஆய்வாளர்மேல் எனக்கு மரியாதை கூடும்.

கம்பெனிகள் பழைய கோப்புகளைக் காட்டுமா?

சில காட்டும். ஜெர்மனியின் எஃகு நிறுவனமான கிரப் 1905-லும், மின்சாதன நிறுவனமான சீமென்ஸ் 1907-லும் தங்களுக்கென்று காப்பகம் வைத்துக்கொண்டன. பிரிட்டனில் வணிக ஆவணங்களைக் காப்பதற்கென்றே 1934-இல் ஓர் அவை ஏற்பட்டது. ஆனால் எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் பொதுவாக, காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறுத்தால் சுற்றுவழி இருக்கிறது: வங்கியின் கோப்பு, வரித்துறையின் கோப்பு, தொழிற்சங்க ஆவணம், போட்டி நிறுவனத்தின் கடிதங்கள், வழக்கு. நல்ல கட்டுரைகள் பல இப்படிப் பின்வாசல் வழியாக எழுதப்பட்டவை.

ஜெயித்த நிறுவனங்களைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்களா?

நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. நீடித்த நிறுவனம் காகிதத்தையும் காத்துவைக்கிறது, ஆய்வாளரும் காகிதம் இருக்கும் இடத்துக்குப் போகிறார். மூன்று வருடத்தில் கடையைச் சாத்தியவரின் பேரேடு பழைய பேப்பருக்குப் போயிருக்கும். இதற்கு மாற்றாகத்தான் திவால் நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடன் கொடுத்தவர்களின் பட்டியல், சரக்கு இருப்பு, ஏன் நொடித்தேன் என்று வணிகரே கொடுத்த வாக்குமூலம் என்று எல்லாம் அதில் இருக்கும். தோல்வியைப் பற்றிய அமர்வு நிகழ்ச்சி நிரலில் இருந்தால் அதை விடாதீர்கள். பெரும்பாலும் அறை நிறைந்திருக்கும்.

நான் ஆய்வாளர் இல்லை. ஆலையில் வேலை பார்த்தவன். வரலாமா?

தாராளமாக. பல்கலைக்கழகங்களின் வாராந்தர, மாதாந்தரக் கூட்டங்கள் பலவும் பொதுமக்களுக்குத் திறந்தவை. பெயரைப் பதிந்தால் போதும். மாநாடுகளுக்குக் கட்டணம் இருக்கும், மாணவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் சலுகை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஷிஃப்ட் எப்படி மாறியது, மேஸ்திரி எப்படி வேலை பிரித்தார், எந்தப் பதிவேட்டில் உண்மையான எண் எழுதப்பட்டது, எது தணிக்கைக்காக எழுதப்பட்டது என்பதையெல்லாம் உங்களைப் போன்றவர்களால்தான் சொல்ல முடியும். காப்பகத்தில் இருந்தே பழகியவருக்கு அது எட்டாது.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் அனுபவத்தைக் கேள்வியோடு இணைத்து இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்.

கேள்வி கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

இந்த எண் எங்கிருந்து கிடைத்தது, இந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது, இதே காலத்தில் போட்டி நிறுவனம் என்ன செய்தது என்ற மூன்றில் எதைக் கேட்டாலும் வீண் போகாது. 'இது கேள்வி இல்லை, ஒரு கருத்து' என்று எழுந்து பத்து நிமிடம் பேசும் பெரியவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு. நல்ல தலைவர் அவரை மூன்றாவது நிமிடத்தில் உட்கார வைத்துவிடுவார்.

கட்டுரை கொடுக்க வேண்டும் என்றால்?

கட்டுரை கோரும் அறிவிப்பு, கூட்டத்துக்கு ஆறு மாதமோ அதற்கும் மேலோ முன்னதாக வரும். சாதாரணமாக ஒரு பக்கச் சுருக்கமும் ஒரு பக்கத் தன்விவரமும் கேட்பார்கள். சுருக்கத்தில் கேள்வி என்ன, ஆதாரம் என்ன, இதுவரை சொல்லப்பட்டதிலிருந்து எங்கே விலகுகிறீர்கள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். 'இந்தக் கட்டுரை இத்துறையின் வளர்ச்சியை ஆராய்கிறது' என்று மட்டும் எழுதி அனுப்பினால் நிராகரிப்பது சுலபம். எந்தக் காப்பகத்தின் எந்தத் தொகுப்பைப் பார்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் தேர்வுக் குழுவின் கண் அங்கே நிற்கும்.

எந்த அமைப்புகளைக் கவனித்து வரலாம்?

அமெரிக்காவில் 1954-இல் தொடங்கிய வணிக வரலாற்று மாநாட்டு அமைப்பு, 1994-இல் உருவான ஐரோப்பிய வணிக வரலாற்றுச் சங்கம், ஜப்பானில் 1964 முதல் இயங்கும் வணிக வரலாற்றுச் சங்கம் ஆகியவை முக்கியமானவை. ஜப்பானியர்கள் 1974 முதல் ஃபுஜி மாநாடு என்று அறியப்படும் சர்வதேசக் கூட்டங்களை நடத்தினார்கள். சிலரை மட்டும் அழைத்து, ஒரே பொருளில் ஆழமாகப் பேசுவது அதன் பாணி. உலகப் பொருளாதார வரலாற்று மாநாட்டிலும் நிறுவன வரலாற்றுக்கு நிறைய அமர்வுகள் இருக்கும்.

ஆன்லைனில் கலந்துகொண்டால் போதுமா?

கட்டுரையைக் கேட்க மட்டும் என்றால் போதும். ஆனால் இன்ன காப்பகத்தில் பட்டியலில் இல்லாத பெட்டி ஒன்று கிடக்கிறது என்ற மாதிரித் தகவல் எல்லாம் இடைவேளையில்தான் கைமாறும்.

அங்கே கேட்டதை என் கட்டுரையில் மேற்கோள் காட்டலாமா? பதிவு செய்யலாமா?

முன்கூட்டி அனுப்பும் கட்டுரையின் முதல் பக்கத்தில், ஆசிரியர் அனுமதியின்றி மேற்கோள் காட்ட வேண்டாம், பிறருக்கு அனுப்ப வேண்டாம் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அதை மதியுங்கள். நிறுவன அதிகாரிகளும் கலந்துகொள்ளும் சில கூட்டங்கள் லண்டனின் சாதம் ஹவுஸ் என்ற சர்வதேச விவகார ஆய்வு நிறுவனம் 1927-இல் வகுத்த விதிப்படி நடக்கும்: கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று வெளியிடக்கூடாது. ஃபோனில் பதிவு செய்வது, திரையைப் படம் எடுப்பது இரண்டுக்கும் முதலில் கேட்டுவிடுங்கள். திரையில் காட்டும் ஆவணப் படம் காப்பகத்தின் அனுமதியில் காட்டப்படுவது, அதை நீங்கள் பகிர்ந்தால் சிக்கல் பேசியவருக்குத்தான் வரும். மேற்கோள் தேவைப்பட்டால் ஆசிரியருக்கு ஒரு மெயில் போடுங்கள். பலர் சம்மதிப்பார்கள், சிலர் திருத்திய பிரதியையே அனுப்பிவைப்பார்கள். அதைப் பார்த்து எழுதுவதுதான் உத்தமம், ஏனென்றால் கூட்டத்தில் நீங்கள் கேட்ட வாதத்தை அவர் இதற்குள் கைவிட்டிருக்கலாம்.